கால் கொடுத்துக் கேட்டவள்

அவளை உண்மையான பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும்தான் இருந்தார்கள். மற்ற எல்லோருக்கும் அவள் தையல். ஏழு வயதில் அக்கா வைத்த பெயர் அது. முழுப் பெயர் தையல் மிஷின். உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து அவளுடைய வலது குதிகால் தூக்கித் தூக்கிப் போடும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு துணியை அவசர அவசரமாகத் தைத்து யாருக்கோ கொடுத்தாக வேண்டும் என்பதுபோல ஆடும். நாற்பத்தாறு வயதாகியும் அந்தத் துணி தைத்து முடிந்தபாடில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்சுக்கு ஐந்து பேர். அவள் ஒருத்தி காலை ஆட்டினால் ஐந்து பேர் கையெழுத்தும் கெடும். வீட்டில் அம்மா, “காலை ஆட்டாதடி, பாக்கறவங்களுக்கு மயக்கம் வருது” என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்வாள். கல்யாணமான முதல் மாதத்தில், வாசலில் கனரக லாரிகள் போவதால்தான் கட்டில் அதிர்கிறது என்று நம்பி, வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம் போய்ப் புகார் சொல்லிவிட்டு வந்தார் கணவர். அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். ஒரு மயிரிழை நடுக்கம் வந்தாலும் லென்ஸ் வீண். அப்படிப்பட்டவருக்கு அப்படிப்பட்ட மனைவி. ‘விதி சில சமயம் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது செய்கிற சேட்டை’ என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு லிஃப்ட் கம்பெனியில். நடுவழியில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே மாட்டிக்கொள்கிறவர்கள் மணிப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு அவளுடைய அறைக்கு வரும். மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறை, மூன்று மேஜை, மூன்று ஹெட்போன், சுவரில் ஊர்ப்படம். புதுக் கட்டடம் என்றால் கணினியில் விலாசம் தானாகத் தெரியும். பழைய கட்டடம் என்றால் எல்லாம் ஒரே பொது இணைப்பில் வரும். எங்கே, எந்த மாடியில், எத்தனை பேர், யாருக்காவது உடம்பு முடியவில்லையா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பது சுலபம். பதில் விளங்குவதுதான் கஷ்டம். உள்ளே மின்விசிறி இரையும், அபாய மணி அலறும், நாலு பேர் சேர்ந்து கத்துவார்கள், இரும்புப் பெட்டிக்குள் எல்லாம் எதிரொலிக்கும். தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கியதுபோல் வந்து சேரும் பேச்சு.

அதைப் பிரித்தெடுப்பதில் அவள் புலி. பக்கத்து மேஜைக்காரர், முன்பு கூரியர் கம்பெனியில் இருந்ததால் அவர் பெயர் கூரியர், ஒன்றும் புரியாமல் ஹெட்போனைக் கழற்றி அவளிடம் நீட்டுவார். அவள் ஐந்து விநாடி கேட்பாள். “ஆறாவது மாடிக்கும் ஏழுக்கும் நடுவுல. மூணு பேரு. ஒரு குழந்தை. குழந்தைக்கு ஒண்ணுக்கு வருதாம்” என்று திருப்பிக் கொடுப்பாள். பதினாலு வருஷமாக இப்படி. மெக்கானிக்குகள் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் மட்டும் தையல் என்ற பெயரைக் கேட்டுவிட்டு, நீளமான பேன்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, “அக்கா, ரெண்டு இஞ்ச் மடிச்சுத் தருவீங்களா?” என்று கேட்பார்கள்.

பதினாலு வருஷம் பாராட்டு கேட்டால் யாருக்கும் தலை கொஞ்சம் வீங்கும். அவளுக்கு வீங்கியது காது. ‘இது சாதாரணக் காது இல்லை’ என்று குளிக்கும்போதுகூட அதற்குத் தனி மரியாதை கொடுத்துத் தேய்த்தாள். குளிர்காலத்தில் கழுத்துக்கு இல்லாவிட்டாலும் காதுக்குத் துணி சுற்றினாள். அக்காவிடம் ஒருமுறை, “கடவுள் எனக்கு மூளையைக் குறைச்சுட்டு அந்த இடத்துல காதை வச்சுட்டாரு” என்றாள். அடக்கமாகப் பேசுவதாக அவளுக்கு நினைப்பு. “முதல் பாதி சரி” என்றாள் அக்கா.

இப்படி இருக்கும்போது புது மேலாளர் வந்தார். முப்பது வயது, அக்கா மகன் வயது. எல்லோரையும் மேடம், சார் என்று கூப்பிடும் தங்கமான பிள்ளை. வந்த வேகத்தில் மூன்று பழைய மரமேஜைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, சுவருக்குச் சுவர் நீளமாக ஒரே மேஜை போட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவள் உட்கார்ந்தாள். ஐந்தாவது நிமிஷத்தில் கூரியரின் திரை நடுங்க, அதற்கு அடுத்த திரையும் நடுங்க, கூரியரின் டீ மெல்ல மெல்ல நகர்ந்து மேஜை விளிம்புக்குப் போய், அவர் மடியில் விழுந்தது.

கூரியர் பொறுமைசாலி. மூன்றாவது டீ விழுந்த பிறகுதான் மேலாளரிடம் போனார்.

மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க... அந்த... கால்...”

அவளுக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “நிறுத்திடறேன் சார். இன்னையோட சரி” என்றாள்.

அம்மாவால் முடியாதது, பள்ளிக்கூடத்தால் முடியாதது, இருபது வருஷக் கல்யாணத்தால் முடியாதது. அதை ஒரு மேஜைக்காக நிறுத்துவதென்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆடுகிற அந்தக் காலை நாற்காலிக் காலோடு பின்னிப் பூட்டினாள். அது தன் வேலையை இடது காலிடம் கொடுத்துவிட்டது. இரண்டையும் பூட்டினாள். முழங்கால் துடித்தது. மடியில் கட்டடப் பட்டியல் புத்தகங்கள் நாலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் கால் அடங்கிவிட்டது. அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னாள். அக்கா அம்மாவுக்குச் சொல்ல, அம்மா ஆனந்தக் கண்ணீர் விட்டதாகத் தகவல் வந்தது.

அந்த வாரத்தில்தான் காது கெட்டுப்போனது.

முதலில் சின்னச் சின்னத் தவறு. ஏழாவது மாடி நாலாவது மாடி ஆனது. “இன்னொரு தரம் சொல்லுங்க” என்று அவள் கேட்டதைக் கூரியர் திரும்பிப் பார்த்தார். பதினாலு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவர் கேட்டிராத வார்த்தை அது. அடுத்து ஒரு நாய் விவகாரம். ஒரு பழைய குடியிருப்பிலிருந்து அழைப்பு. உள்ளே எத்தனை பேர் என்று கேட்டாள். இரைச்சலுக்கு நடுவே, “ரெண்டு பேரு, ஒரு தாய்” என்று காதில் விழுந்தது. தாய் என்று தனியாக எடுத்துச் சொல்கிறார்கள் என்றால் நிறைமாத கர்ப்பிணியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளே முடிவு கட்டினாள். மீசை மெக்கானிக்குக்கு போன் போட்டு, “அண்ணே, ஒரு தாய் உள்ள இருக்காங்க. கதவைத் திறந்ததும் பதமா கையைப் பிடிச்சு இறக்குங்க. தண்ணி எடுத்துட்டுப் போங்க” என்றாள்.

அரைமணி நேரம் கழித்து மீசை மெக்கானிக் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

“தையலு, தாய்னு சொன்னியா இல்லையா?”

“ஆமாண்ணே. எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க. ஆனா அந்தத் தாய்க்கு வால் இருக்கு. நான் பாட்டுக்கு ‘வாங்கம்மா, பயப்படாதீங்க’ன்னு கையை நீட்டறேன்...”

அவர் நாயென்றால் நாலு தெரு சுற்றிப் போகிறவர். அன்று மாலைக்குள் கதை எல்லா மெக்கானிக்குகளுக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் முதல் ஒவ்வொரு அழைப்புக்கும், “தாயா, நாயா, உறுதியாச் சொல்லிடு” என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

அவள் வெளியே சிரித்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று காதை இரண்டு பக்கமும் பார்த்தாள். காது அப்படியேதான் இருந்தது. நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டு, நன்றிகெட்டதாக.

காது மருத்துவமனையில் பரிசோதனை செய்த பெண் அவளைச் சுவரெல்லாம் பஞ்சு பதித்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்தாள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். கொசு முணுமுணுப்பதுபோன்ற சத்தத்துக்கெல்லாம் அவள் விரல் தூக்கினாள். “உங்க காதுக்கு ஒண்ணுமே இல்ல” என்றாள் அந்தப் பெண்.

“அப்ப நாய் எப்படிம்மா தாயாச்சு?”

முழுக்கதையும் கேட்டுச் சிரித்து முடித்துவிட்டு அந்தப் பெண் இன்னொரு பரிசோதனை வைத்தாள். இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண்குரல் சின்னச் சின்ன வாக்கியங்கள் சொல்லும். திருப்பிச் சொல்ல வேண்டும். ஒழுங்காகப் பரீட்சை எழுதுகிற பிள்ளைபோலத் தையல் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, அசையாமல் கேட்டாள். ‘கடைக்காரர் கதவைச் சாத்தினார்’ என்றது குரல். “கடைக்காரர் கழுதையைச் சாத்தினார்” என்றாள். பன்னிரண்டில் ஆறு தேறியது.

இரண்டாவது சுற்றில் அவளுக்கு அலுப்புத் தட்டிவிட்டது. போனால் போகிறது, வயசாகிவிட்டது, வீட்டுக்குப் போய் என்ன குழம்பு வைப்பது என்ற யோசனையோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்று முடிகிற நேரத்தில் கதவு திறந்தது.

“அம்மா, நாற்காலியை ஆட்டாதீங்க. மிஷின்ல அதிர்வு விழுது.”

“ஐயோ, மன்னிச்சுக்கோம்மா. அது என் பிறவிக் குணம்” என்று காலைப் பூட்டினாள். மூன்றாவது சுற்றும் முடிந்தது. அந்தப் பெண் மதிப்பெண் தாளை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள்.

“ஆட்டாம இருந்தப்போ ஆறு. ஆட்டினப்போ பதினொண்ணு. மறுபடி ஆட்டாம இருந்தப்போ அஞ்சு.”

“அப்படின்னா?”

“பேச்சுக்கும் ஒரு தாளம் இருக்கும்மா. எந்த இடத்துல அழுத்தம் விழும், அடுத்த வார்த்தை எப்ப வரும்னு மனசு எதிர்பார்த்துக்கிட்டே கேக்கும். இரைச்சல் ஜாஸ்தியானா அந்தத் தாளம் கைவிட்டுப் போயிடும். சிலருக்கு உடம்பும் கூடச் சேர்ந்து அசைஞ்சா அதைப் பிடிச்சுக்க முடியும்னு படிச்சிருக்கேன். நீங்க சும்மா ஆட்டலை. அந்த ஆளு பேசற வேகத்துக்கே ஆட்டினீங்க. நான் கண்ணாடி ஜன்னல் வழியாப் பாத்துட்டுதான் இருந்தேன்.” பிறகு கொஞ்சம் தயங்கி, “ஆனா இதை ரிப்போர்ட்ல எல்லாம் எழுத முடியாது” என்றாள்.

தையல் பஸ்ஸில் வீடு திரும்பினாள். சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. பதினாலு வருஷமாகக் காதுக்கு விழுந்த கைதட்டல் எல்லாம் காலுக்கு விழுந்திருக்க வேண்டியது. வெயில் காலத்தில் செருப்புக்கூடச் சரியாக வாங்கிக் கொடுக்காத காலுக்கு! காதைத் துணி சுற்றிப் போற்றினாளே, அது வெறும் வாசல்கதவு. உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தது வேறு ஆள். அம்மா ஒரு நாளைக்கு இருபது தடவை திட்டியும் வேலையை விடாத ஆள்.

இதை மேலாளரிடம் எப்படிச் சொல்வது? ‘சார், எனக்குக் கால்லதான் சார் காது கேக்குது’ என்று கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. வாக்குக் கொடுத்தவள் அதை மீறுவதற்கு ஊரை ஏமாற்றுவதுபோல ஒரு காரணம். நாலு நாள் வாயைத் திறக்காமல், காலையும் அசைக்காமல், எல்லோரிடமும் “இன்னொரு தரம்” கேட்டபடி ஓட்டினாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் இடியும் மழையுமாக வந்து ஊரில் பாதிக்கு மின்சாரம் போனது. ஒரே நேரத்தில் பதினோரு லிஃப்டுகள் நின்றன. மூன்றாவது இருக்கைக்காரர் விடுப்பு. அந்த இடத்தில் மேலாளரே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவளுக்கு இரண்டு அடி தள்ளி, அதே மேஜையில். அவள் தொடையில் நாலு புத்தகங்கள் இருந்தன.

பொது இணைப்பில் ஓர் அழைப்பு. அபாய மணி சிக்கிக்கொண்டு நிற்காமல் அலறியது. அதற்குள்ளிருந்து வயதான ஆண்குரல், துண்டு துண்டாக வந்தது. பேச்சைவிட மூச்சுச் சத்தம் அதிகம்.

“ஐயா, எந்தக் கட்டடம்? மெதுவாச் சொல்லுங்க.”

ஏதோ சொன்னார். அவளுக்கு மணிச் சத்தம்தான் கேட்டது.

“இன்னொரு தரம் சொல்லுங்க ஐயா.”

மறுபடி சொன்னார். மூச்சு இன்னும் மோசமாக இழுத்தது. மூன்றாவது தடவை கேட்டபோது அவர் குரலில் அழுகை வந்துவிட்டது. அது மட்டும் அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது.

அவள் எழுந்தாள். நாலு புத்தகமும் தடதடவென்று தரையில் விழுந்தன. நின்ற இடத்திலேயே, ஹெட்போன் ஒயர் போகிற தூரத்துக்குள், இடது வலது, இடது வலது என்று நடக்க ஆரம்பித்தாள். மேஜை ஆடியது. கூரியர் பழக்க தோஷத்தில் டீயைத் தூக்கிப் பிடித்தார். மேலாளர் பாதி எழுந்து, “மேடம், தண்ணி வேணுமா? உக்காருங்க” என்றார். அவளுக்கு வலிப்பு வருகிறது என்று அவர் நினைத்துவிட்டார்.

அவள் கையைக் காட்டி அவரை அடக்கினாள். குரலின் தாளம் பிடிபடவில்லை. அது மூச்சுக்கு மூச்சு மாறிக்கொண்டிருந்தது. கால் ஒரு பக்கம் போக, குரல் ஒரு பக்கம் போனது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

“ஐயா, நான் சொல்றபடி செய்யுங்க. கையால பக்கத்துச் சுவத்துல தட்டுங்க. ஒரு தட்டு, ஒரு வார்த்தை. அவசரமே வேண்டாம். தட்டுங்க. சொல்லுங்க.”

டொம். ஒரு சொல். டொம். இன்னொரு சொல். அவள் கால் அந்த டொம்மில் போய் ஏறிக்கொண்டது. நாலைந்து தட்டுக்குப் பிறகு அடுத்த சொல் எங்கே வந்து விழும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிய, மணிச் சத்தம் ஒதுங்கி வழிவிட்டதுபோல் இருந்தது.

“மஞ்ச... கட்டடம்... அச்சகத்துக்கு... எதிர்ல... மூச்சு மருந்து... மேல... வீட்ல... அஞ்சு...”

“அச்சகத்துக்கு எதிர்ல மஞ்சக் கட்டடம். மூச்சு மருந்து அஞ்சாவது மாடியில உங்க வீட்ல. சரியா ஐயா? சரின்னா ரெண்டு தட்டு.”

டொம் டொம்.

கூரியர் அதற்குள் மீசை மெக்கானிக்கைப் பிடித்திருந்தார். அவர் வண்டி அச்சகத்துக்கு அடுத்த தெருவில்தான் நின்றது. அதற்குப் பிறகு இருபது நிமிஷம் அவள் நடந்துகொண்டே பேசினாள். தட்டுக்கு ஒரு மூச்சு உள்ளே, தட்டுக்கு ஒரு மூச்சு வெளியே என்று அவரோடு எண்ணினாள். ஐந்தாவது மாடியிலிருந்து அவர் மருமகள் ஓடிவந்து, மீசை மெக்கானிக் நெம்பிப் பிடித்த கதவு இடுக்கு வழியாக மருந்தை நீட்டினாள் என்ற தகவல் வந்தபோதுதான் அவள் உட்கார்ந்தாள். கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகியிருந்தன.

மேலாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பன்னிரண்டுக்குப் பதினொன்று வரை சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. “இதை ஏன் மேடம் முதல்லயே சொல்லலை?” என்றார்.

“சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா சார்?”

யோசித்தார். “இல்ல” என்றார் நேர்மையாக.

மறுவாரம் அந்தப் பெரியவர் அலுவலகத்துக்கு போன் செய்தார். நன்றி சொல்லத்தான் என்று மேலாளர் ஸ்பீக்கரில் போட்டு எல்லோரையும் கூப்பிட்டார். பெரியவர் நன்றியும் சொன்னார். பிறகு, “ஆனா அந்தம்மா வார்த்தைக்கு வார்த்தை சுவத்தத் தட்டச் சொல்லிட்டாங்க. கை இன்னும் வீங்கியிருக்கு. அடுத்த தடவை மெதுவாத் தட்டச் சொல்லுங்க” என்றார். தையலுக்குப் பெருமைப்படக் கிடைத்த நேரம் மொத்தம் பத்து விநாடி.

மேலாளர் புதுமை விரும்பி என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு திங்கட்கிழமை எல்லோரும் காலாட்டிக்கொண்டே அழைப்புகளைக் கேட்க வேண்டும் என்றார். அவளே பயிற்சி கொடுக்க வேண்டுமாம். முப்பத்தொன்பது வருஷம் திட்டு வாங்கிய காரியத்தைச் சொல்லிக்கொடுக்க வாத்தியாராக நிற்பது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. மூன்று பேர் சேர்ந்து ஆட்டினார்கள். ஜன்னல் கண்ணாடி சடசடத்தது. கூரியருக்குக் காலைக் கவனிப்பதா காதைக் கவனிப்பதா என்று தலைகால் புரியாமல், இருந்த புரிதலும் போய், மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தை மெக்கானிக்குகள் வேறு கட்டடத்தில் தேடினார்கள். மத்தியானம் கீழ்த்தளத்துப் பல் டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் படியேறி வந்தார்.

“மேல என்ன பண்றீங்க? நான் ஒருத்தர் வாய்க்குள்ள மிஷினை வச்சிருக்கேன்.”

பயிற்சி அன்றோடு முடிந்தது. நீளமான மேஜையில் மற்ற இரண்டு பேர் இருக்க, அவளுக்கு மூலையில் தனியாக ஒரு சின்ன மரமேஜை வந்தது. மீசை மெக்கானிக், அதிர்வு அடங்க லிஃப்டுக்கு அடியில் வைக்கிற ரப்பர் கட்டைகள் நாலைக் கொண்டுவந்து மேஜைக் காலுக்குக் கொடுத்தார். கூரியர் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பென்சிலை விரலிடுக்கில் வைத்து மெல்ல அசைக்கக் கற்றுக்கொண்டார். அவருக்கு அது உதவுகிறதா, இல்லை வெறும் ஸ்டைலா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டால், “எனக்கே தெரியல அக்கா. கையில பென்சில் இருந்தா தைரியமா இருக்கு” என்பார்.

வீட்டில்தான் வேறு விதமான சிக்கல் கிளம்பியது. விஷயத்தை முழுக்கக் கேட்ட கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக ஆரம்பித்தார்.

“தெரியாமத்தான் கேக்கறேன். டிவி பாக்கும்போது உன் கால் ஆடுது. உங்க அக்கா போன்ல பேசினா ஆடுது. நான் கடையில நடந்ததைச் சொல்லும்போது மட்டும் ரெண்டு காலையும் மடிச்சு சோபா மேல வச்சுக்கறியே, அது ஏன்?”

இருபது வருஷமாக லென்ஸ் கதை வரும்போதெல்லாம் கால் தானாக மடங்கியிருக்கிறது. அவளுக்கே தெரியாத ரகசியத்தை லென்ஸ் பார்க்கிற கண் பார்த்துவிட்டது.

“குளிருதுங்க, அதான்” என்றாள்.

“மே மாசத்துலயா?”

அவள் இரண்டு காலையும் இறக்கித் தரையில் வைத்தாள். “சரி, சொல்லுங்க. நேத்து என்னாச்சு?”

அவர் கொஞ்சம் சந்தேகத்தோடு ஆரம்பித்தார். ஒரு பெண்மணி கண்ணாடி மாற்ற வந்தாராம். வலது கண்ணுக்கும் இடது கண்ணுக்கும் சீட்டில் எழுதியது மாறிப்போயிருந்ததாம். கணவர் நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் இடம் விட்டுப் பேசுகிறவர். அவள் கால் முதலில் முந்திக்கொண்டு ஓடியது, பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவரோடு சேர்ந்தது. கதை அப்படியொன்றும் மோசமில்லை. நீளம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. அவர் சொல்லி முடித்ததும் நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்டாள். அதில் மகிழ்ந்துபோய் அவர் முந்தின வாரத்துக் கதையையும் எடுத்தார்.